ரீஸ்டார்ட் செய்தால் டிரைவ் லெட்டர் ஏன் மாறுகிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். வீட்டில் வைத்து வீடியோ எடிட்டிங் செய்கிறீர்கள். கணினிக்குள் விண்டோஸ் இருக்கும் ஒரு எஸ்எஸ்டி, கூடவே ஒரு ஹார்ட் டிஸ்க். வெளியே யுஎஸ்பியில் இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க். வேலை முழுவதும் இ டிரைவில் இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் சில நாள் அது எஃப் ஆகிவிடுகிறது, சில நாள் ஜி. பிராஜெக்டைத் திறந்தால் டைம்லைன் முழுக்க மீடியா ஆஃப்லைன். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் மறுபடி இ என்று வைத்தால் கொஞ்ச நாள் நிற்கிறது, அப்புறம் பழைய கதை. டிஸ்க் போகப்போகிறதா, வைரஸா, கடைக்காரர் சொல்வதுபோல விண்டோஸை மறுபடி போடத்தான் வேண்டுமா என்று கேட்கிறீர்கள். லெட்டரை மாற்றத் தெரிந்தவர் நீங்கள். மாற்றியதை விண்டோஸ் ஏன் மறக்கிறது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது.

சின்ன அலுவலகங்கள், போட்டோ ஸ்டுடியோக்கள், டிடிபி சென்டர்களில் கணினி பார்த்துக் கொடுப்பது பல வருடமாக என் தொழில். அந்தப் பழக்கத்தில் முதலில் உறுதியானதைச் சொல்லிவிடுகிறேன். லெட்டர் மாறியதால் உங்கள் ஃபைல் எதுவும் கெடவில்லை. டிரைவ் லெட்டர் மாறுவது வைரஸின் அடையாளம் இல்லை. விண்டோஸை மறுபடி போடவும் வேண்டாம். போட்டால் சில நாள் சரியானதுபோலத் தெரியும், காரணம் அப்படியே இருப்பதால் திரும்பவும் வரும். நடுவில் இன்ஸ்டால் செய்யும்போது தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து ஃபார்மட் செய்யும் ஆபத்து வேறு. நான் பார்த்தவரை இந்த விஷயத்தில் நிஜமாக டேட்டா போனவர்களுக்கு அந்த அவசரத்தில்தான் போயிருக்கிறது.

எல்லாக் குழப்பத்துக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்: டிரைவ் லெட்டர் டிஸ்க்கில் எழுதப்படுவதில்லை. ஒரே பையனை அம்மா வீட்டில் ஒரு செல்லப் பெயரிலும் தாத்தா வீட்டில் இன்னொன்றிலும் கூப்பிடுவதுபோல, ஒரே டிஸ்க்கை ஒவ்வொரு விண்டோஸும் தன் இஷ்டத்துக்கு ஒரு லெட்டரில் கூப்பிடுகிறது. அந்த லெட்டர், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில்தான் இருக்கிறது. விண்டோஸ் 2000-லிருந்து மவுண்ட் மேனேஜர் என்ற பகுதி இந்தக் கணக்கைப் பார்க்கிறது. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், அதற்குள் சிஸ்டம், அதற்குள் மவுண்டட் டிவைசஸ் என்று போனால் அந்தப் பட்டியலை நீங்களே பார்க்கலாம். பார்த்துவிட்டு மூடிவிடுங்கள், எதையும் தொட வேண்டாம்.

அந்தப் பட்டியலில் ஒவ்வொரு லெட்டருக்கும் ஒரு வரி உண்டு. அதன் எதிரே அந்த லெட்டருக்கு உரிய டிஸ்க்கின் அடையாளம் இருக்கும். டிஸ்க்கைப் பகுதிகளாக, அதாவது பார்ட்டிஷன்களாக, பிரிக்கப் பழைய எம்பிஆர், புதிய ஜிபிடி என்று இரண்டு முறை உண்டு. எம்பிஆர் டிஸ்க் என்றால் அந்த அடையாளம் மொத்தம் 12 பைட். முதல் 4 பைட் டிஸ்க்கின் சிக்னேச்சர், அடுத்த 8 பைட் பார்ட்டிஷன் டிஸ்க்கில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது. பின்பகுதியில் 00 00 10 00 00 00 00 00 என்று இருந்தால் அந்த பார்ட்டிஷன் சரியாக 1 எம்பி தள்ளித் தொடங்குகிறது என்று அர்த்தம். இப்போதைய முறையில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஜிபிடி டிஸ்க் என்றால் வரி கொஞ்சம் நீளம். அதில் பார்ட்டிஷனுக்கென்றே உண்டாக்கிய 16 பைட் தனி எண் இருக்கும். பென்டிரைவ், மெமரி கார்டு போன்றவற்றுக்கு அந்த இடத்தில் டிஸ்க் எண்ணுக்குப் பதிலாக அந்த யுஎஸ்பி சாதனத்தின் பெயரும் சீரியல் நம்பரும் எழுத்து வடிவிலேயே இருக்கும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெளிவாகிறது. ஒன்று, ஒரு லெட்டருக்கு ஒரு வரி, ஆகவே ஒரு நேரத்தில் ஒரே ஒரு சொந்தக்காரர். இன்னொன்று, விண்டோஸ் டிஸ்க்கை அடையாளம் காண்பது உள்ளே இருக்கும் எண்ணை வைத்து. டிரைவுக்கு நீங்கள் வைத்த பெயர், அளவு, எந்த வரிசையில் செருகினீர்கள் என்பதையெல்லாம் அது பார்ப்பதில்லை. ஆகவே லெட்டர் நிற்கவில்லை என்றால் மூன்றில் ஒன்றுதான் நடந்திருக்க வேண்டும்: அந்த லெட்டரை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள், அல்லது டிஸ்க்கின் அடையாள எண்ணில் குழப்பம், அல்லது ரெஜிஸ்ட்ரியில் எழுதியது நிற்கவில்லை. உங்கள் கணினியைக் கண்ணால் பார்க்காமல் இதில் எது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதிய விவரத்தை வைத்து முதலாவதுதான் என்று நினைக்கிறேன்.

காரணம், 'கொஞ்ச நாள் நிற்கிறது' என்று சொல்கிறீர்கள். ரெஜிஸ்ட்ரியில் பிரச்சினை என்றால் ஒருநாள்கூட நிற்காது. எடிட்டிங் செய்பவர் என்றால் கேமரா கார்டு தினமும் உள்ளே போய் வெளியே வரும். எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கழற்றி வைத்திருக்கும் ஒரு நாளில் கார்டு ரீடரைச் செருகுகிறீர்கள். புதிதாக வருபவருக்கு விண்டோஸ் முதலில் காலியாக இருக்கும் லெட்டரைக் கொடுக்கும். அப்போது இ காலி. உங்கள் வேலை டிஸ்க் நேற்றுவரை அதை வைத்திருந்தது என்பதற்காக லெட்டரை அது காத்துவைக்காது. கார்டுக்கு இ கொடுத்த உடனேயே அந்த வரியில் பழைய சொந்தக்காரரின் அடையாளம் அழிந்து கார்டு ரீடரின் அடையாளம் ஏறிவிடும். மாலையில் வேலை டிஸ்க்கைச் செருகினால் அதற்கு இருந்த இடம் போயிற்று, எஃப் கிடைக்கிறது. ஒருவேளை எஃப்-இல் இரண்டாவது டிஸ்க் இருந்தால் ஜி. இது ரீஸ்டார்ட்டின்போது நடந்தால் இன்னும் குழப்பமாகத் தெரியும். பெரிய எக்ஸ்டர்னல் டிஸ்க் சுழன்று தயாராகச் சில விநாடி எடுக்கும், கார்டு ரீடர் உடனே தயார். யார் முந்துகிறார்கள் என்பது நாளுக்கு நாள் மாறும்.

கார்டு ரீடரில் நான்கு ஸ்லாட் இருந்தால் உள்ளே கார்டே இல்லாவிட்டாலும் ஆளுக்கொரு லெட்டர் எடுக்கும் மாடல்களும் உண்டு. சிடி டிரைவ், சிடியின் நகலான ஐஎஸ்ஓ ஃபைலை இரண்டு முறை கிளிக் செய்து திறப்பது, கிளவுட் சேமிப்புச் செயலிகள் உண்டாக்கும் போலி டிரைவ் (கூகுள் டிரைவின் டெஸ்க்டாப் செயலி இயல்பாகவே ஜி-யை எடுக்கும்), அலுவலக நெட்வொர்க் டிரைவ் எல்லாம் இதே 26 எழுத்துக்குள்தான் இடம் தேடுகின்றன. ஏ, பி இரண்டும் அந்தக் காலத்து ஃபிளாப்பிக்கு ஒதுக்கியவை, விண்டோஸ் தானாக வேறு யாருக்கும் கொடுக்காது. சி விண்டோஸுக்கு. ஆக, கூட்டம் முழுவதும் டி, இ, எஃப், ஜி என்ற நான்கைந்து எழுத்திலேயே முட்டி மோதுகிறது.

அதனால் தீர்வு எளிது: அந்தக் கூட்டத்தில் நிற்காதீர்கள். நெட்வொர்க் டிரைவ் இணைக்கும்போது விண்டோஸ் கடைசியிலிருந்து, இசட்டில் தொடங்கிப் பரிந்துரைக்கும். தானாகக் கொடுக்கும் லெட்டர்கள் முன்பக்கத்திலிருந்து வரும். நடுவில் எம் முதல் டி வரை, அதாவது எம், என், ஓ, பி, கியூ, ஆர், எஸ், டி என்ற வரிசையில் வரும் எழுத்துகளுக்கு யாரும் எளிதில் வரமாட்டார்கள். (இங்கே பி என்றது ஓ-வுக்கு அடுத்தது, டி என்றது எஸ்-க்கு அடுத்தது.) வேலை டிஸ்க்குக்கு எம், பேக்கப் டிஸ்க்குக்கு ஆர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் செருகிவிட்டு, ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, அந்த பார்ட்டிஷன் மேல் ரைட் கிளிக் செய்து லெட்டரை மாற்றுங்கள். மாற்றியதும் கையோடு முறையாக ஒரு ரீஸ்டார்ட் கொடுங்கள். ரெஜிஸ்ட்ரி மாற்றத்தை விண்டோஸ் உடனுக்குடன் டிஸ்க்கில் எழுதிவிடுவதில்லை. யுபிஎஸ் இல்லாத வீட்டில் அந்த நேரம் பார்த்து கரண்ட் போனால் மாற்றம் போய்விடும்.

எம்-க்கு மாற்றியதும் பிராஜெக்ட் ஒருமுறை மீடியா எங்கே என்று கேட்கும். ஒரு ஃபைலைக் காட்டினால் அதே ஃபோல்டரில் இருக்கும் மற்றதைப் பெரும்பாலும் அதுவே பிடித்துக்கொள்ளும். பழைய பிராஜெக்ட் நிறைய இருக்கிறது, எல்லாமே இ என்றுதான் சேமித்திருக்கிறது, மாற்ற முடியாது என்றால் வேறு வழி: வேலை டிஸ்க்குக்கு இ-யையே வைத்துக்கொண்டு, கார்டு ரீடரையும் பென்டிரைவையும் செருகி அவற்றுக்கு டபிள்யூ, எக்ஸ் என்று கடைசி லெட்டர்களைக் கொடுத்து ஒதுக்கிவிடுங்கள். ஆனால் சீரியல் நம்பர் இல்லாத மலிவு பென்டிரைவ்களை விண்டோஸ் எந்த போர்ட்டில் செருகினோம் என்பதை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. வேறு போர்ட்டில் செருகினால் அதற்குப் புதியவர், மறுபடி முன்பக்க லெட்டர்தான். அதனால் முதல் வழியே மேல்.

இன்னொன்று, லெட்டரைச் சரிசெய்வதற்கு முன்பே ஒவ்வொரு டிரைவுக்கும் புரியும்படி ஒரு பெயர் வையுங்கள். எக்ஸ்புளோரரில் டிரைவ் மேல் ரைட் கிளிக், ரீநேம். லெட்டர் போல அல்ல, இந்த வால்யூம் லேபிள் டிஸ்க்கிலேயே எழுதப்படும். எந்தக் கணினிக்குப் போனாலும் கூடவே போகும். 'நியூ வால்யூம்' என்ற பெயரில் மூன்று டிரைவ் வரிசையாக நிற்கும் கணினியில் எது எது என்று தேடுவது போன்ற கொடுமை வேறில்லை.

சரி, இரண்டாவது காரணத்துக்கு வருவோம். அந்த இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒன்று இன்னொன்றின் குளோனா? ஃபைல்களை காப்பி செய்திருந்தால் பரவாயில்லை. குளோன் மென்பொருள் வைத்து டிஸ்க்கையே அப்படியே எடுத்திருந்தால் அடையாள எண்ணும் சேர்ந்தே நகலாகியிருக்கும். அப்போது விண்டோஸ் கண்ணுக்கு இரண்டும் ஒரே டிஸ்க். முதலில் வந்தது இ-யை எடுத்துக்கொள்ளும். அடுத்து வந்ததை விண்டோஸ் 7-லிருந்து ஆஃப்லைனில் போட்டுவிடுகிறது, அதாவது செருகியிருந்தும் திறக்க முடியாது. லெட்டர் மாறியதாகவே தெரியாது, இ இருக்கிறது, ஃபோல்டர்கள் இருக்கின்றன. ஆனால் இன்று நீங்கள் திறந்திருப்பது அசலா நகலா என்று தெரியாது. திங்கட்கிழமை வேலை ஒன்றிலும் செவ்வாய்க்கிழமை வேலை இன்னொன்றிலும் சேரும். 'நேற்று எடிட் செய்தது காணவில்லை' என்று பதறி வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது குளோன் எடுத்தீர்களா என்பதைத்தான்.

இதைச் சோதிப்பது எளிது. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து டிஸ்க்பார்ட் என்று அடியுங்கள். லிஸ்ட் டிஸ்க் என்றால் டிஸ்க்குகள் வரிசையாக வரும். அளவைப் பார்த்து எக்ஸ்டர்னல் டிஸ்க்கை செலக்ட் டிஸ்க் என்று எண்ணோடு தேர்ந்தெடுத்து, யுனிக்ஐடி டிஸ்க் என்று அடித்தால் அதன் அடையாள எண் வரும். எம்பிஆர் என்றால் 8 இலக்கம், ஜிபிடி என்றால் அடைப்புக்குறிக்குள் நீளமான எண். இரண்டு டிஸ்க்குக்கும் இதைச் செய்து ஒப்பிடுங்கள். ஒரே எண் என்றால் காரணம் கிடைத்துவிட்டது. விண்டோஸ் நடந்ததையெல்லாம் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியிலும் partmgr (பார்ட்டிஷன் மேனேஜர்) என்ற பெயரில் 58-ஆம் எண் பதிவோ, டிஸ்க் என்ற பெயரில் 158-ஆம் எண் பதிவோ இருக்கும், இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே அடையாளம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கும். இரண்டையும் செருகிய நிலையில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஆஃப்லைன் என்று காட்டும் டிஸ்க்கின் இடதுபக்கக் கட்டத்தில் ரைட் கிளிக் செய்து ஆன்லைன் கொடுத்தால், விண்டோஸே அதற்குப் புது எண் எழுதிவிடும். வெறும் டேட்டா டிஸ்க்குக்கு இதனால் கெடுதல் ஏதுமில்லை. விண்டோஸ் பூட் ஆகும் டிஸ்க்கின் குளோனாக இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள், எண் மாறினால் அது பின்னால் பூட் ஆகாமல் போகலாம்.

இதே டிஸ்க்பார்ட்டிலோ டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலோ 'டிஸ்க் 1', 'டிஸ்க் 2' என்ற எண்கள் ரீஸ்டார்ட்டுக்கு ரீஸ்டார்ட் மாறினால் பயப்படாதீர்கள். அது கண்டுபிடித்த வரிசை எண், அவ்வளவுதான். நிரந்தரமாக இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் எங்கும் உறுதி தரவில்லை. ஆனால் அதனாலேயே, நேற்றைய எண்ணை நம்பி இன்று டிஸ்க்பார்ட்டில் எந்த கட்டளையும் கொடுக்கக்கூடாது. ஒவ்வொரு முறையும் லிஸ்ட் டிஸ்க் பார்த்து, அளவைச் சரிபார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். விண்டோஸின் ரிப்பேர் திரைக்குள் போனால் சி என்பது டி-யாகத் தெரிவதும் இப்படித்தான். அங்கே ஓடுவது வேறொரு குட்டி விண்டோஸ், அதற்கு உங்கள் ரெஜிஸ்ட்ரி தெரியாது. ஒரே கணினியில் இரண்டு விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதை. அங்கே லெட்டரை நம்பி ஃபார்மட் கொடுத்தவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

மூன்றாவது காரணம் வீட்டுக் கணினியில் அபூர்வம். எந்த லெட்டர் கொடுத்தாலும் அடுத்த ரீஸ்டார்ட்டிலேயே, ஒரு தடவை தவறாமல் பழையபடி ஆகிறது, கூடவே டெஸ்க்டாப்பில் வைத்த புது ஃபைலும் காணாமல் போகிறது என்றால் டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளி, பிரவுசிங் சென்டர்களில் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் சி டிரைவை முன்பிருந்த நிலைக்கே கொண்டுபோவதுதான் அதன் வேலை, ரெஜிஸ்ட்ரியும் அதில் சேரும். அந்த இடத்திலிருந்து வாங்கிய செகண்ட் ஹேண்ட் கணினிகளில் இதைப் பார்த்திருக்கிறேன். ஷட் டவுன் செய்து போட்டால் லெட்டர் மாறுவதில்லை, ரீஸ்டார்ட்டில் மட்டும்தான் மாறுகிறது என்றால் அது வேறு. விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருப்பதால் ஷட் டவுன் என்பது பாதி உறக்கம்தான், டிரைவர்களின் நிலை அப்படியே சேமிக்கப்படும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே சோதிக்கும்போது ரீஸ்டார்ட்டை மட்டும் நம்புங்கள்.

இணையத்தில் சிலர் அந்த மவுண்டட் டிவைசஸ் பகுதியை மொத்தமாக அழித்துவிடு என்று சொல்வார்கள். நான் செய்யச் சொல்லமாட்டேன். விண்டோஸ் அதைத் திரும்ப உண்டாக்கிக்கொள்ளும் என்பது உண்மை, ஆனால் எல்லா லெட்டரும் புதிதாகப் பங்கிடப்படும். எக்ஸ்பி காலத்தில் இப்படிச் செய்து விண்டோஸ் இருந்த டிரைவே வேறு லெட்டருக்குப் போய், பாஸ்வேர்டு கொடுத்ததும் திரும்ப லாகின் திரைக்கே வந்து நின்ற கணினிகள் எத்தனையோ. இப்போது இல்லாத டிஸ்க்குகளின் பழைய வரிகளைத் துடைக்க மவுண்ட்வால் என்ற கட்டளையோடு சாய்கோடும் ஆர் எழுத்தும் சேர்த்துக் கொடுத்தால் போதும். கொடுக்கும் முன் உங்கள் எல்லா டிஸ்க்கையும் செருகிவிடுங்கள், அந்த நேரத்தில் இணைந்திருக்காதவற்றின் நினைவு போய்விடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், எனக்கு அதில்தான் கவலை. பேக்கப்பை எப்படி எடுக்கிறீர்கள்? விண்டோஸின் காப்பி கட்டளையான ரோபோகாப்பி வைத்து 'இ-யில் இருப்பதை எஃப்-க்கு மிரர் செய்' என்று ஒரு பேட்ச் ஃபைல் (கட்டளைகளை எழுதிவைத்து ஓட்டும் ஃபைல்) போட்டு வைத்திருந்தால், இன்றே அதை நிறுத்துங்கள். மிரர் என்றால் மூலத்தில் இல்லாததை இலக்கில் அழித்துவிடும். லெட்டர் இடம் மாறிய நாளில் அது ஓடினால் பழைய பேக்கப் மூலமாகவும் உங்கள் இன்றைய வேலை இலக்காகவும் ஆகிவிடும். புதிதாக எடிட் செய்தது அத்தனையும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அழியும், ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. வேலை டிஸ்க்கில் 'இது-வேலை' என்றும் பேக்கப் டிஸ்க்கில் 'இது-பேக்கப்' என்றும் ஒரு காலி டெக்ஸ்ட் ஃபைலை வைத்து, இரண்டும் தத்தம் இடத்தில் இருந்தால் மட்டுமே மேலே போகும்படி பேட்ச் ஃபைலின் தொடக்கத்தில் ஒரு சோதனை வரி சேருங்கள். ஒன்று மட்டும் கவனம்: அந்த அடையாள ஃபைலை மிரரே அழித்துவிடாமல் இருக்க, டிரைவின் உச்சியில் வைத்துவிட்டு, மிரரை அதற்கு அடுத்த ஒரு ஃபோல்டருக்குள் மட்டும் செய்யச் சொல்லுங்கள்.

டிஸ்க் கெட்டுப்போகிறதா என்ற கேள்விக்குத் தனியாகப் பதில். பூட் ஆகும்போது லெட்டர் மாறுவது டிஸ்க் கெடுவதன் அறிகுறி அல்ல. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே டிரைவ் மறைந்து, சில விநாடியில் வேறு லெட்டரில் வந்தால் அது கவனிக்க வேண்டியது. ஈவென்ட் வியூவரில் டிஸ்க் என்ற பெயரில் 157-ஆம் எண் இருந்தால் டிஸ்க் எதிர்பாராமல் கழன்றது என்று பொருள். பெரும்பாலும் கேபிள், முன்பக்க யுஎஸ்பி போர்ட், அல்லது தனி மின்சாரம் இல்லாத ஹப். கேபிளை மாற்றி, கேபினெட்டின் பின்பக்க போர்ட்டில் நேராகச் செருகிப் பாருங்கள். அப்போதும் கழன்றால் உள்ளே இருப்பதை முதலில் வேறு இடத்துக்கு எடுத்துவிட்டு மற்றதை யோசிக்கலாம்.

எம், ஆர் என்று மாற்றிய பிறகு வழக்கம்போல கார்டு, பென்டிரைவ் எல்லாம் போட்டு எடுத்து ஒரு வாரம் வேலை பாருங்கள். அதற்குள் மறுபடி மாறினால், மாறிய நேரம், அப்போது என்னென்ன செருகியிருந்தது, இரண்டு டிஸ்க்கின் அடையாள எண், ஈவென்ட் வியூவரில் அந்த நேரத்துப் பதிவு, இந்த நான்கையும் இங்கே எழுதுங்கள்.